மாடு பார்க்கப் போன சம்பந்திகள்

நேரடிக்காரர் என்றோர் இனம் நமது யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெருகி வருகிறது, வாசகரே. கவனித்தீர்களோ? கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. அவரே வந்து உங்களைக் கவனிக்க வைத்திருப்பார்.

நேரடிக்காரர் கடையில் எதையும் வாங்க மாட்டார். முட்டை என்றால் கோழி வளர்ப்பவரிடம் நேரே. பால் என்றால் மாட்டுக்காரரிடம் நேரே. இறைச்சி என்றால், நாலைந்து வீட்டார் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி அடித்து, வாழையிலையில் குவியல் குவியலாகப் பங்கு வைத்து, ஒருவர் முதுகைத் திருப்பி நின்று பேர் சொல்லச் சொல்ல ஆளுக்கொரு குவியலாக எடுத்துக் கொடுப்பார்களே, அந்த இடத்துக்கே நேரே. கடைப் பாலை அவர் பால் என்று சொல்வதில்லை. 'அந்த வெள்ளைத் தண்ணி' என்பார். பால்மாப் பெட்டியைக் கண்டால் பாம்பைக் கண்டவர்போல் ஒதுங்குவார். கலியாண வீட்டில், பிறந்தநாள் வீட்டில், ஏன், செத்த வீட்டில்கூட, அயலவர்கள் ஊற்றிக் கொடுக்கும் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்து, பிறகு கண்ணைத் திறந்து, "உது எந்தப் பால்?" என்று கேட்பார். செத்தவர் எப்படிச் செத்தார் என்று விசாரிப்பது அதற்குப் பிறகுதான்.

எல்லா நேரடிக்காரருக்கும் 'என்ரை ஆள்' என்று ஒருவர் இருப்பார். மற்றவர்கள் மந்திரியைத் தெரியும் என்று சொல்லும் அதே குரலில், "எனக்கு ஒரு ஆள் இருக்கு" என்பார். எங்கே என்று கேட்டால் முழுதாகச் சொல்ல மாட்டார். ஊரின் பேரை மட்டும் சொல்லிவிட்டு ஒழுங்கையின் பேரை விழுங்கிவிடுவார். நீங்களும் போய் வாங்கத் தொடங்கினால் பிறகு அது என்ன நேரடி? இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நேரடி என்றால் கிட்ட என்று அர்த்தமில்லை. எவ்வளவு தூரம் போய் வாங்குகிறாரோ அவ்வளவுக்கு அது நேரடி.

கொக்குவில் தில்லைநாதனைப் பாருங்கள். வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர், யாருக்கும் ஒரு தீங்கும் நினையாதவர். அவருடைய ஆள் நீர்வேலியில் இருந்தான். பேர் பிரகாஸ், வாழைத்தோட்டக்காரன், ஒரு மாடு வைத்திருந்தான். தில்லைநாதன் விடியற்காலையில் எழுந்து, மூடிபோட்ட எவர்சில்வர் வாளியை மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு, மழையென்றும் பனியென்றும் பாராமல், கோப்பாய் தாண்டி நீர்வேலிக்குப் போய்ப் பால் வாங்கி வருவார். அவருடைய மதிலுக்கு அடுத்த பக்கத்திலேயே அருமைநாயகி என்ற அம்மா இரண்டு கறவை மாடுகள் வைத்துப் பால் விற்றுக்கொண்டிருந்தார். அங்கே ஏன் வாங்குவதில்லை என்று கேட்கிறீர்களா? அந்த மாட்டை அவர் தினமும் காண்கிறாரே! அது மதிலுக்கு மேலால் தலையை நீட்டி அவருடைய குரோட்டன் செடியைத் தின்றதைக் கண்டிருக்கிறார். ஒருமுறை பழைய கலண்டரைத் தின்றதையும் கண்டிருக்கிறார். கலண்டர் தின்ற மாட்டின் பாலை மனிதன் குடிக்கலாமோ?

நீர்வேலி மாட்டைக் கறக்கும்போது அவர் கண்டதில்லை. புது ஆளைக் கண்டால் மாடு பால் ஒளிக்கும் என்று பிரகாஸ் சொல்லியிருந்தான். தில்லைநாதன் அதை மிகவும் மதித்தார். படலைக்கு வெளியே, மாட்டின் மனம் நோகாமல், வாளியோடு நிற்பார். சில நாட்களில் அவர் போகும் வழியிலேயே பிரகாஸ் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒரு தகரக் கானைக் கட்டிக்கொண்டு அவரை முந்திப் போவான். போகும்போது கை காட்டுவான். 'பாவம், எனக்குப் பால் கறக்கவெண்டு ஓடுறான்' என்று தில்லைநாதன் உருகிப்போவார். வீட்டுக்கு வந்து பாலைக் காய்ச்சி முதல் மிடறு குடித்ததும் மனைவி மகாதேவியைக் கூப்பிடுவார்.

"இஞ்சேரும், ஒருக்காக் குடிச்சுப் பாரும். வாழைத்தோட்டத்துக் காத்து இதுக்குள்ளை இருக்கு."

"ஓம், ஓம், இருக்கு" என்பார் மகாதேவி, புட்டுப் பானையைப் பார்த்தபடி.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மகள் இருந்தாள். நிவேதனா. அவளும் சாவகச்சேரியைச் சேர்ந்த கிருஷாந்தும் யாழ்ப்பாணத்தில் ஒரே கந்தோரில் வேலை. ஒரே கந்தோரில் வேலை என்றால் மிச்சத்தை நான் சொல்ல வேண்டுமா? இரண்டு தாய்மாருக்கும் விசயம் தெரியும். தகப்பன்மாருக்கு மட்டும் தெரியாது. தரகர் தம்பிராசாவைப் பிடித்து, அவர் கொண்டுவந்த சம்பந்தம்போல் நாடகம் போட்டு, குறிப்பும் பார்த்து, பெண் பார்க்க வரும் நாளும் வைத்தாகிவிட்டது. எல்லாம் சரி. ஒரே ஒரு பயம் இருந்தது.

கிருஷாந்தின் தகப்பன் கனகசபாபதி, ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர், அவரும் ஒரு நேரடிக்காரர். சாதாரண நேரடிக்காரரும் அல்ல. போன வருசம் மகனுக்குப் பேசிவந்த ஒரு நல்ல சம்பந்தத்தை, பெண் வீட்டில் பால்மாத் தேத்தண்ணி கொடுத்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக உடைத்துவிட்டு வந்தவர். "தேத்தண்ணியிலை உண்மையில்லாத வீட்டிலை வேறை எதிலை உண்மை இருக்கும்?" என்று கேட்டாராம். இதைத் தம்பிராசா சொன்னபோது மகாதேவி கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். நிவேதனா அன்றிரவு சாப்பிடவில்லை. தில்லைநாதனுக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை.

"இப்பிடியான மனுசனைத்தான் நான் இவ்வளவு காலமும் தேடினனான்! வரட்டும். எங்கடை தேத்தண்ணியைக் குடிக்கட்டும். பேந்து கதைப்பம்."

வந்தார்கள். கனகசபாபதி, மனைவி வசந்தினி, மாப்பிள்ளை கிருஷாந், தரகர் தம்பிராசா, எல்லோரும் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். நிவேதனா தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கனகசபாபதி பெண்ணைப் பார்க்கவில்லை, கோப்பையைப் பார்த்தார். எடுத்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். கண்ணை மூடினார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"உது எந்தப் பால்?"

தில்லைநாதன் இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர். "நீர்வேலிப் பால். நேரை எடுக்கிறது. விடியக் கறந்தது. எனக்கு அங்கை ஒரு ஆள் இருக்கு."

"அப்பிடியோ?" கனகசபாபதியின் புருவம் உயர்ந்தது. "எனக்கும் நீர்வேலியிலை ஒரு ஆள் இருக்கு. ஆட்டுக்கு. தீபாவளிக்கு அங்கை போய்த்தான் ஆடு பாத்து, அங்கையே அடிச்சுப் பங்கு போட்டுக்கொண்டு வாறது. சாவகச்சேரி ஆட்டை நான் கையாலும் தொடன்."

"நாங்களும் இறைச்சி பங்கிலைதான் எடுக்கிறது..."

"பொறுங்கோ, சொல்லுறன். போன தீபாவளிக்குப் போறன். ஒரு வெள்ளைக் கிடாய் நிக்குது. என்னைக் கண்டவுடனை கயிறையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்து என்ரை கையை நக்கிச்சுது! முன்னைப் பின்னைக் கண்டிராத ஆடு! நல்ல மனுசனைக் கண்டா வாயில்லாச் சீவனுக்குத் தெரியும்."

வசந்தினி இதைக் கேட்டு ஏனோ இருமினார். தில்லைநாதனுக்கு உள்ளே எரிந்தது. அவருடைய மாடு ஒருநாளும் அவரை நக்கியதில்லை. "என்ரை மாடு கூச்ச சுபாவம். ஆனா பாலிலை பாசம் தெரியும், குடிச்சுப் பாருங்கோ" என்றார்.

கனகசபாபதி கோப்பையைக் கீழே வைத்தார்.

"குறை நினைக்காதையுங்கோ. மாட்டைக் காணாமல் நான் பால் குடிக்கிறேல்லை."

தேத்தண்ணியில் ஆடை படரத் தொடங்கியது. அந்தக் கோப்பையோடு தன் கலியாணத்தையும் அந்த மனிதர் மேசையில் வைத்துவிட்டார் என்று நிவேதனாவுக்குத் தெரிந்தது. கண் கலங்கிப் போய் அவள் கிருஷாந்தைப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தான். இந்த நேரத்தில் ஒரு சாதாரண மனிதர் என்ன செய்வார்? பலகாரத் தட்டை நீட்டிப் பேச்சை மாற்றுவார். நேரடிக்காரர் என்ன செய்வார்?

"வாங்கோ, போய்ப் பாப்பம்!" என்று எழும்பினார் தில்லைநாதன்.

"இஞ்சேருங்கோ" என்று மகாதேவி பதறிக்கொண்டு குறுக்கே வந்தார். "மாடு இப்ப மேயப் போயிருக்கும்."

"மேயிற இடத்திலை பாப்பம்."

பெண் பார்க்க வந்தவர்கள் மாடு பார்க்கப் புறப்பட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்த வான் வண்டியிலேயே இரண்டு தகப்பன்மாரும் முன்னுக்கு, இரண்டு தாய்மாரும் பின்னுக்கு. தம்பிராசா வரவில்லை, தட்டில் இன்னும் பயிற்றம் பணியாரம் இருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் வருவதற்கு வானில் இடமில்லை என்று வசந்தினி சொன்னார். வானில் ஆறு பேர் தாராளமாக இருக்கலாம். ஆனால் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கோப்பாய் வரைக்கும் இரண்டு பேரும் போட்டிபோட்டுக்கொண்டு தங்கள் தங்கள் ஆளைப் புகழ்ந்தார்கள். நீர்வேலி வந்ததும் தில்லைநாதன் சாரதிக்கு வழி சொல்லத் தொடங்கினார்.

"தம்பி, கோயிலடியிலை வலக்கைப் பக்கம் திருப்பும்."

"நானும் உதாலைதான் வாறனான்" என்றார் கனகசபாபதி.

"அடுத்த ஒழுங்கைக்குள்ளை..."

"...இடக்கைப் பக்கம்" என்று கனகசபாபதி முடித்தார். வான் இரண்டு பக்கமும் வாழைகளுக்கு நடுவே போய், ஒரு படலைக்கு முன்னால் நின்றது. இரண்டு பேரும் இறங்கிப் படலையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பிரகாஸ் ஒரு வாழைக்குலையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். ஒரே வானிலிருந்து இரண்டு பேரும் இறங்குவதைக் கண்டான். குலையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"ஐயாவும் மாஸ்ரரும்... ஒண்டாயோ வந்தனியள்?"

"மாட்டைக் காட்டு பிரகாஸ்" என்றார் தில்லைநாதன். "மாஸ்ரர் பாக்க வேணுமாம்."

"மாட்டையோ? இப்பவோ? ஆக்களைக் கண்டா அது..."

"கறக்க வரேல்லை. பாக்கத்தானே" என்று கனகசபாபதி நேரே கொட்டிலுக்குள் போனார். மாடு படுத்துக் கிடந்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கூச்ச சுபாவமுள்ளதாகத் தெரியவில்லை. கனகசபாபதி குனிந்து மடியைப் பார்த்தார். இன்னும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஓர் ஆனந்தம் பரவியது.

"உது வத்தின மாடெல்லோ! சினை மாடு. உதிலை ஒரு சொட்டுப் பால் வராது."

தில்லைநாதன் பிரகாஸைப் பார்த்தார். பிரகாஸ் வாழைக்குலையைப் பார்த்தான்.

"பிரகாஸ், அப்ப நான் குடிக்கிற பால்?"

"ஐயா, கோவிக்காதையுங்கோ. மாடு வத்திக் கனகாலம். சொன்னா அழுதுபோடுவியள் எண்டு பயந்திட்டன். விடியக் கொக்குவில் சந்திக் கடைக்குக் குலை கொண்டு வாறனான்தானே, அங்கை ஒரு அம்மாவிட்டை வாங்கிக்கொண்டு வந்து வைக்கிறனான்."

"ஆர் அம்மா?"

"அருமைநாயகி அம்மா. உங்கடை மதிலுக்கு அங்காலைதான்."

தில்லைநாதனுக்கு உடம்பெல்லாம் கூசியது. மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பால் விடியவிடிய நீர்வேலிக்குப் போக, அவரும் அதற்குப் பின்னாலேயே போய், அதைத் திரும்பவும் கொக்குவிலுக்குக் கொண்டுவந்து, வாழைத்தோட்டத்துக் காற்று இருக்கிறது என்று சொல்லிக் குடித்திருக்கிறார். கலண்டர் தின்ற மாடு! அவர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"உமக்குத் தெரியுமோ?"

"தெரியும்" என்றார் மகாதேவி. "அந்தப் பிள்ளை விடியத் தினமும் கானோடை போறதைக் காணுறனான்தானே."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் போய் வாற அந்த நேரம்தான் வீடு கொஞ்சம் அமைதியா இருந்தது."

கனகசபாபதி தொண்டையைச் செருமினார். ஸ்ரேசன் மேடையில் நின்று ரயிலை அனுப்பி வைப்பவரைப்போல் நெஞ்சை நிமிர்த்தினார். "தில்லைநாதன், குறை நினைக்காதையுங்கோ. நீங்கள் நல்ல மனுசர். ஆனா தேத்தண்ணியிலை..." என்று தொடங்கினார். அந்த வசனம் எப்படி முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். போன வருசம் முடிந்த விதத்திலேயே முடியும். தில்லைநாதனுக்கு அந்த நேரம் பாலும் நினைவில்லை, மாடும் நினைவில்லை. தட்டோடு நின்ற மகளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. தன் வாயால் பிள்ளையின் வாழ்க்கை கெடப் போகிறதே என்று அவருக்கு அழுகை வந்தது.

அப்போது வசந்தினி மகாதேவியின் முழங்கையில் மெதுவாகக் கிள்ளினார்.

"ஆட்டைக் கேளுங்கோ" என்றார், உதடு அசையாமல்.

மகாதேவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கேட்டார். "தம்பி பிரகாஸ், மாஸ்ரருக்குக் குடுக்கிற ஆடுகள் எங்கை நிக்குது?"

பிரகாஸுக்கு வியர்த்தது. சுற்றிலும் வாழை. வாழைக்கு நடுவே வாழை. ஆடு நின்ற அடையாளமே இல்லை.

"அம்மா, வாழைக்காரன் ஆடு வளப்பானே? வாழைக்குட்டி ஒண்டு மிஞ்சுமே?"

"என்னடாப்பா சொல்லுறாய்?" என்று கனகசபாபதி திடுக்கிட்டுத் திரும்பினார். "அப்ப என்ரை கையை நக்கின கிடாய்?"

பிரகாஸ் வசந்தினியைப் பார்த்தான். வசந்தினி வாழைப்பூவைப் பார்த்தார்.

"அது உங்கடை கிடாய்தான்" என்றார் அமைதியாக. "எங்கடை கொட்டிலிலை நிண்டது. வீட்டு ஆடு பேப்பர் தின்னுது, நாறுது, கையாலும் தொடன் எண்டு நீங்கள்தானே சொன்னியள். பிரகாஸ் ஆடு தேடி வந்தவன், வித்துப்போட்டன். நீங்கள் இஞ்சை வந்து அதையே வாங்கிக்கொண்டு வந்தியள்."

"என்ரை ஆடெண்டு எனக்குத் தெரியாதே!"

"நீங்கள் எந்த நாள் கொட்டில் பக்கம் வந்தனியள்? தெருவாலை போகேக்கை படலையடியிலை நிண்டு, திரும்பியும் பாராமல் அதுக்குக் குழை இழுத்துப் போட்டது மட்டும்தான். அது உங்களை மறக்கேல்லை."

முதலில் சிரித்தது மகாதேவி. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு பார்த்தார், முடியவில்லை. பிறகு வசந்தினி. இரண்டு பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வாழைகளுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சாரதியும் சிரித்தான். இரண்டு நேரடிக்காரரும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்கள். இந்தக் கதை சாவகச்சேரி சந்தைக்குப் போனால் கனகசபாபதி அங்கே மரக்கறி வாங்கவும் போக முடியாது. கொக்குவில் சந்திக்கு வந்தால் தில்லைநாதன் வீட்டை விற்க வேண்டியதுதான்.

"இது வெளியிலை போகக்கூடாது" என்றார் கனகசபாபதி, நிலத்தைப் பார்த்தபடி.

"என்ரை வாயாலை போகாது."

"உங்கடை வீட்டாக்கள்?"

"எங்கடை வீட்டாக்கள் வீட்டு விசயத்தை வெளியிலை கதைக்க மாட்டினம்." தில்லைநாதன் கொஞ்சம் நிறுத்தினார். வங்கியில் இருந்தவர் அல்லவா, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். "ஆனா, இது இன்னும் எங்கடை வீட்டு விசயமில்லையே."

கனகசபாபதி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, மரியாதையும் இருந்தது.

"ஆவணிக்குள்ளை ஒரு நல்ல நாள் பாப்பமோ?"

"பாப்பம், சம்பந்தி."

அவர்கள் திரும்பி வந்தபோது நிவேதனாவும் கிருஷாந்தும் குசினியில் நின்றார்கள். தம்பிராசா பணியாரத்தை முடித்துவிட்டு முறுக்குக்கு வந்திருந்தார். முகூர்த்தம் பார்க்கப் போகிறோம் என்று கனகசபாபதி அறிவித்ததும் நிவேதனா தேத்தண்ணியைச் சூடாக ஊற்றிக்கொண்டு ஓடி வந்தாள். காலைப் பால் எப்போதோ முடிந்து விட்டது. என்றாலும் தேத்தண்ணி நல்ல வெள்ளையாக, நல்ல தடிப்பாக இருந்தது. கனகசபாபதி கோப்பையை எடுத்தார். பழக்க தோசத்தில் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். நடுவில் நிறுத்தினார். தில்லைநாதனைப் பார்த்தார். பிறகு மடமடவென்று குடித்துவிட்டு, "இன்னுமொரு கோப்பை தாங்கோ பிள்ளை" என்றார். இது எந்தப் பால் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கலியாணம் சிறப்பாக நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் திருந்தினார்களா என்றால், என்ன கேள்வி இது? ஒருநாள் நீர்வேலிக்குப் போகாமல் விட்டால் ஒழுங்கையே ஏன் என்று கேட்குமே! தில்லைநாதன் இப்போதும் விடிய எழுந்து, வாளியைக் கொழுவிக்கொண்டு, அருமைநாயகியின் படலையைத் தாண்டிப் போகிறார். பிரகாஸ் இப்போதும் கானோடு அவரை முந்திப் போய்க் கை காட்டுகிறான். இவரும் கை காட்டுகிறார். சம்பந்தி இந்தத் தீபாவளிக்கும் ஆடு பார்க்க நீர்வேலிக்குத்தான் போவாராம். போகும் முன் தன் கொட்டிலில் எது நிற்கிறது என்று மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வாராம்.

சிரிக்கிறீர்கள், வாசகரே. நல்லது, சிரியுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் அச்சு அசலாக இதேபோல் என்று நினைத்து, அவருக்கு இதை வாசித்துக் காட்டவும் யோசித்திருப்பீர்கள். அதில் பிழையில்லை. ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டுக்குத் தேன் எங்கிருந்து வருகிறது? நல்லெண்ணெய்? ஊர்க்கோழி முட்டை? யாரோ ஒருவரின் முகம் மனதில் வந்ததல்லவா? வந்ததும், 'சீச்சீ, என்ரை ஆள் அப்பிடியில்லை' என்று உள்ளே ஒரு குரல் சொன்னதல்லவா?

அந்தக் குரல்தான், ஐயா, அந்த இனத்தின் முதல் அடையாளம்.